ஊசி போடுமுன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

மனநலப் புறநோயாளிப் பிரிவின் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மனச்சிதைவு நோய்க்காக உங்களிடம் மூன்றாண்டுகளாக வந்துபோகும் ஒருவனின் அக்கா நான். கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அவன் காதில் ஓயாமல் கேட்ட குரல்களை அடக்கியது உங்கள் மருந்துதான் என்பதை நான் மறக்கவில்லை.

அந்தக் குரல்களை அடக்கும் ஹாலோபெரிடால் மருந்தை முதன்முறை ஊசியாகப் போட்ட மறுநாள் இரவு, சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவனின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டது. தாடை கோணி, கண்கள் மேலே செருகிவிட்டன. பேச நா எழவில்லை என்றாலும் நினைவு தப்பவில்லை என்பது, அவன் என் கையைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது. அக்கம்பக்கத்தார் எலுமிச்சம்பழத்தோடு வந்து விடியவிடிய வேப்பிலை அடித்தார்கள். காலையில் அவசரப் பிரிவில் ஒரு புரோமெதசின் ஊசி போட்டதும் அரை மணி நேரத்தில் கழுத்து நேரானது. "இந்த மருந்துக்கு இப்படி வருவதுண்டு, இளவயது ஆண்களுக்கு அதிகம்" என்றார் அங்கிருந்த மருத்துவர். வருவதுண்டு என்று தெரிந்ததை எங்களிடம் முன்பே சொல்லியிருக்கலாமே, ஐயா.

இப்போது அவனால் உட்கார முடிவதில்லை. வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறான், நின்றால் கால் மாற்றி மாற்றி மிதிக்கிறான். "காலுக்குள்ள என்னமோ குடையுதுக்கா" என்கிறான். சென்ற மாதம் இதைச் சொன்னபோது, நோய் கூடிவிட்டதென்று மருந்தளவைக் கூட்டினீர்கள், நடையும் கூடியது. இது அகாதிசியாவாக இருக்கலாம், மருந்தே தரும் தவிப்பு, அளவைக் குறைத்தோ புரோப்ரனலால் என்ற மருந்தைச் சேர்த்தோ பார்க்க வேண்டியது என்று வேறொரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தேன்.

மனநோயை மறைக்காதீர்கள் என்று உங்கள் சுவரில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நாங்கள் மறைக்கவில்லை, பக்கவிளைவை மறைப்பது யார் என்றுதான் விளங்கவில்லை. இந்தப் பக்கவிளைவுகளுக்குத் தரும் டிரைஹெக்சிபெனிடில் மாத்திரை இருப்பில்லாத மாதங்களில் "வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சீட்டை நீட்டும் சன்னலைப் பற்றி எழுதினால் இந்த மடல் முடியாது. பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள்.

மருந்தின் பக்கவிளைவுகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமே கூறுகிறது. நான் கேட்பதும் அதுதான்: மருந்து தருமுன் சொல்லுங்கள், தந்தபின் வரும் ஒவ்வொரு முறையும் உடலசைவைப் பார்த்துச் சீட்டில் எழுதுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை அவனை அழைத்து வருகிறேன். மருந்தளவை மாற்றுமுன், அவனை உட்கார வைத்து இரண்டு நிமிடம், நிற்க வைத்து இரண்டு நிமிடம், அவன் கால்களைப் பார்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் அக்கா