கன எண்ணெய்க்கு எந்த பம்பு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கச்சா எண்ணெய் விலை பற்றி நிறைய எழுதுகிறீர்கள், சரி, அதை மேலே கொண்டுவரும் பம்பைப் பற்றியும் எழுதுங்கள். கன எண்ணெய், அதாவது கெட்டியான கச்சா எண்ணெய், பாகு மாதிரி இருக்கும், பல கிணறுகளில் நிலத்தடி அழுத்தம் மட்டும் அதை மேலே தள்ளாது. தரைமேல் தலையாட்டி, கிணற்றுக்குள் நீண்ட தண்டை ஏற்றி இறக்கும் வழக்கமான பம்பை வைத்தால், தண்டு பிசுபிசுப்பில் மெதுவாக இறங்கி முடிப்பதற்குள் மேல் இழுப்பு தொடங்கிவிடுகிறது, வேகத்தைக் கூட்டினால் தண்டு முறியும் அபாயம்தான் அதிகம். கிணற்றுக்குள் இறக்கும் மின்சார பம்பு நிறைய எடுக்கும், ஆனால் எண்ணெய் கெட்டியாக ஆக அதன் திறன் விழுந்துவிடும்.

இந்த வேலைக்குத் திருகு பம்புதான் என் தேர்வு. 1930-களில் பிரெஞ்சுக்காரர் ரெனே முவானோ உருவாக்கியது. ரப்பர் உறைக்குள் திருகு வடிவ உலோகத் தண்டு சுழன்று எண்ணெயை மணலோடு சேர்த்தே மேலேற்றும். கனடாவின் ஆல்பர்ட்டாவில் மணலைத் தடுக்காமல் எண்ணெயோடு வரவிட்டு எடுக்கிறார்களே, அந்த முறை பரவ இது ஒரு முக்கியக் காரணம். எண்ணெயை இளக்க நீராவி செலுத்தும் கிணற்றில் மட்டும் அந்தச் சூட்டைச் சாதாரண ரப்பர் தாங்காது.

அப்புறம் ஒன்று, பம்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஆறிப்போன மாதிரியின் பிசுபிசுப்பை மட்டும் அளந்தால் போதாது, கிணற்றடி வெப்பத்திலும் அளந்தாக வேண்டும்.