லெந்து கால வெள்ளி மாலைகளில் துணைநின்றோருக்கு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

பலரும் அறிந்த திரைப்படங்களிலிருந்து சில காட்சிகளைப் பார்த்து, மனந்திரும்புதலைப் பற்றிக் கலந்துரையாடிய ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமாகிய லெந்து காலத்தில் நடந்த எங்கள் கூடுகைகள் நிறைவுற்றன. "கோயில் வளாகத்தில் சினிமாவா?" என்று எழுந்த தயக்கத்தைப் பொறுமையாகக் கேட்டு, மண்டபத்தை மனமுவந்து தந்த சேகரக் குருவானவருக்கும் கமிட்டியாருக்கும் வாலிபர் ஐக்கியத்தின் முதல் நன்றி. பக்திப் படங்களை விடுத்துத் திரையரங்குகளில் ஓடிய படங்களை எடுத்துக்கொள்ள அவர்கள் இசைந்தது நல்ல முடிவு. பக்திப் படத்தில் பாவி திருந்திவிடுவான் என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், விவாதிக்க அதிகம் மிஞ்சுவதில்லை.

ஆங்கிலம் அறியாத முதியோருக்காக ஒவ்வொரு காட்சிக்கும் முன்பாகக் கதையைத் தமிழில் எடுத்துரைத்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு நாங்கள் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம். 'தி மிஷன்' (1986) படத்தில், அடிமை வியாபாரியாக வாழ்ந்து, தன் தம்பியையே வாளால் கொன்றுவிட்ட ரொட்ரிகோ மென்டோசா, தன் கவசத்தையும் ஆயுதங்களையும் ஒரு மூட்டையாகக் கட்டி இழுத்துக்கொண்டு அருவியோரப் பாறைகளில் ஏறுகிறான். உடன் வந்த துறவி ஒருவர் இரக்கப்பட்டுக் கயிற்றை அறுத்துவிட, அவன் இறங்கிப்போய் மூட்டையை மறுபடியும் தன்னோடு பிணைத்துக்கொள்கிறான். மலையுச்சியில், அவனால் வேட்டையாடப்பட்ட குவரானிப் பழங்குடி மக்களில் ஒருவர் அவன் கழுத்தில் கத்தியை வைத்து, பின்பு அதே கத்தியால் கயிற்றை அறுத்து மூட்டையை ஆற்றில் தள்ளிய பிறகுதான் அவன் கதறி அழுகிறான். முதலில் அறுத்தவரும் அன்பினால்தானே அறுத்தார், அது ஏன் போதவில்லை என்று அம்மா கேட்ட கேள்வியிலேயே அந்த மாலை முழுவதும் கழிந்தது. இயேசுவே தன் வீட்டுக்கு வந்த பின்பும், தான் ஏமாற்றியவர்களை மறவாமல், நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்ற வரி வசூலிப்பவனான சகேயுவிடம் (லூக்கா 19) அதற்கான விடை இருக்கக்கூடும் என்பதையும் அவரே சுட்டிக்காட்டினார்.

விக்டர் ஹியூகோவின் நாவலைத் தழுவி 2012-இல் வந்த 'லே மிசராபிள்' படத்தைப் பார்த்த மாலையில், அதே கதை 1950-இல் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் வந்ததையும், ஜாவர் என்னும் காவல் அதிகாரி வேடமேற்ற சீதாராமன் அது முதல் ஜாவர் சீதாராமன் என்றே அழைக்கப்பட்டதையும் நினைவூட்டிய சபை மூப்பருக்கு எங்கள் நன்றி. தன் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடிய முன்னாள் கைதிக்கு மெழுகுவர்த்தித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்பும் பேராயரைப் பற்றியே நாங்கள் பேசிக்கொண்டிருக்க, தான் துரத்திய அந்தக் கைதியாலேயே உயிர்ப்பிச்சை பெற்றும் அந்த இரக்கத்தைத் தாங்கமாட்டாமல் ஆற்றில் குதித்து மாண்டுபோகும் ஜாவர்தான் சபையார் கவனிக்க வேண்டிய மனிதர் என்று அவர் பேச்சைத் திருப்பினார். இக்கதையின் இசை நாடகத்தில், லண்டன் மேடையில் 1985-இல் அந்தக் கைதியின் வேடம் ஏற்ற கோம் வில்கின்சனே இப்படத்தில் அந்தப் பேராயராக வருகிறார் என்பதைத் தேடிச் சொன்ன கல்லூரி மாணவிக்கும் நன்றி; மன்னிப்புப் பெற்றவன் மன்னிக்கிறவனாகும் ஒழுங்கை அந்த நடிகர் தேர்விலேயே நான் கண்டேன்.

'கிரவுண்ட்ஹாக் டே' (1993) எல்லோரையும் சிரிக்க வைத்தது. ஆயினும், ஒரே நாளைத் திரும்பத் திரும்ப வாழ்ந்து, தன் முயற்சியாலேயே ஒருவன் நல்லவனாவதில் கிருபைக்கு என்ன இடம் என்று உபதேசியார் எழுப்பிய மறுப்புக்கு எங்களில் எவராலும் விடை சொல்ல இயலவில்லை. அவ்வளவு வெளிப்படையாக மறுத்ததற்காகவே அவருக்குத் தனி நன்றி.

புரொஜெக்டரையும் திரையையும் வாடகையின்றித் தந்த பக்கத்துத் தெருக் கடைக்காரருக்கும், வாரந்தோறும் சுண்டலும் தேநீரும் தந்த பெண்கள் ஐக்கியத்தாருக்கும், நாற்காலிகளை அடுக்கி வைத்த ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் நன்றி. உபதேசியாரின் கேள்வியையே முதற்பொருளாக வைத்து இன்னொரு மாலை கூட விரும்புகிறோம். குருவானவர் நாள் குறித்துத் தந்ததும் ஆராதனையில் அறிவிப்போம்.

இங்ஙனம்,
வாலிபர் ஐக்கியத்தின் சார்பில்,
செயலர்