பனிக்குக் கிளம்பும் முன் பூட்ஸின் அடியை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஸ்னோ பூட்ஸ் வாடகை இந்த வருஷம் ஏன் ஏறியிருக்கிறது என்று நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்.

போன ஜனவரியில் வாணியம்பாடியிலிருந்து ஒரு குடும்பம் நம்மிடம் பூட்ஸ் எடுத்துக்கொண்டு மணாலி போனது. பக்கத்தில் சோலாங் பள்ளத்தாக்கில் இரண்டாம் நாள், அந்த அம்மாவின் பூட்ஸில் சோல் அப்படியே கழன்று பனியில் கிடக்கிறது, அவர் நனைந்த சாக்ஸோடு பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போட்டோ பார்த்ததும் எங்களுக்கு மனசு ஆறவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுத்தும்கூட. ஏனென்றால் அந்த ஜோடி ஐந்தாறு முறைதான் வெளியே போயிருந்தது, மேலே ஒரு கீறல் கிடையாது.

மீதி ஜோடிகளை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் சிலது புட்டு மாதிரி உதிர்ந்தது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்த ஒருவரிடம் காட்டினோம், கையில் வாங்கியதுமே சொல்லிவிட்டார். இது பி.யு. சோல், பாலியூரித்தேன் நுரை. லேசாக இருக்கும், குளிரை நன்றாகத் தடுக்கும், ஆனால் காற்றில் இருக்கும் ஈரம் அதன் ரசாயனப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துவிடும், சூடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. காலில் போடாமல் பரண்மேல் பத்திரமாக வைத்திருந்தாலும் உதிரும். வேலூர் வெயிலும் ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கமும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? அதனால் பழைய பி.யு. ஜோடிகளை மொத்தமாகக் கழித்துவிட்டு ரப்பர் சோல் வாங்கியிருக்கிறோம். வாடகை ஏறியது அதனால்தான்.

உங்கள் வீட்டில் பழைய டிரெக்கிங் ஷூ இருந்தாலும் கிளம்பும் முன் சோலை அழுத்தி, வளைத்துப் பாருங்கள். விரிசலோ பொடியோ தெரிந்தால் எடுத்துப் போகாதீர்கள்.

அப்புறம் சாக்ஸ். குளிருமே என்று இரண்டு, மூன்று மாட்டிக்கொண்டு காலைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் சில்லிடும். கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, விரலை அசைக்க இடம் இருக்கும் பூட்ஸ், அது போதும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் காயவும் செய்யாது. சின்னப் பிள்ளைகளுக்கு விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் பை மாதிரி கிளவுஸ்தான் கதகதப்பு.

பனியில் சறுக்கி விளையாடும் ஸ்லெட்ஜில் பிள்ளைகள் குப்புறப் படுத்துத் தலையை முன்னே நீட்டிச் சறுக்க ஆசைப்படுவார்கள். தயவுசெய்து விடாதீர்கள். உட்கார்ந்து, கால் முன்னே, தலையில் ஸ்கீ ஹெல்மெட். இந்த சீசனிலிருந்து பிள்ளைகளுக்கு ஸ்லெட்ஜ் எடுத்தால் ஹெல்மெட்டுக்கு வாடகை இல்லை, ஆனால் ஹெல்மெட் இல்லாமல் ஸ்லெட்ஜ் தர மாட்டோம். சறுக்கு முடியும் இடத்தில் ரோடு, பாறை, மரம் இருக்கிறதா என்று பெரியவர் ஒருவர் இறங்கிப் பார்த்த பிறகு விடுங்கள்.

வேலூர் வெயிலையே பார்த்தவர்கள், குளிரில் என்ன வெயில் என்று கூலிங் கிளாஸ் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறீர்கள். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், உயரம் கூடக்கூட அந்தக் கதிரும் கூடும். காஷ்மீரில் குல்மார்க்கே சுமார் 2,650 மீட்டர் உயரம், அங்கே கோண்டோலா என்னும் ரோப் காரில் இரண்டாம் கட்டம் ஏறினால் 4,000 மீட்டரை நெருங்கிவிடுவீர்கள். அங்கே வெறும் கண்ணோடு சுற்றினால் ராத்திரி கண்ணில் மணலைக் கொட்டியது போல உறுத்தும். கண்ணாடியும் சன்ஸ்கிரீனும் எல்லோருக்கும் வேண்டும்.

காட்பாடியில் ரயில் ஏறும் நாளன்று அவசரமாக வராமல் இரண்டு நாள் முன்னால் சாயங்காலமாக வாருங்கள், அப்போதுதான் கால் லேசாக வீங்கிச் சரியான அளவு தெரியும். போடப்போகிற சாக்ஸையும் கையோடு கொண்டு வாருங்கள், போட்டு நடந்து பார்த்தே எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கடையினர், வேலூர்