மழை விடுமுறையிலும் வெள்ள முகாம்களிலும் சத்துணவு தொடர வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
கௌண்டன்யா ஆற்றங்கரைப் பொதுமக்கள்,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ஆட்சியர் அலுவலகம், வேலூர்.

பொருள்: பருவமழைக் காலத்தில் குழந்தைகள், கர்ப்பிணிகளுக்கான உணவு தடைபடாமல் இருக்க நிலையான உத்தரவு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் பீடி சுற்றுவோர், தீப்பெட்டி வேலைக்குப் போவோர், தறி நெய்வோர். பலத்த மழை என்றால் தாங்கள் பள்ளிகளுக்கு விடுமுறை அறிவிக்கிறீர்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளியை மூடினால் காலை உணவும் மதியச் சத்துணவும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. அதே நாட்களில்தான் எங்களுக்கும் கூலி இல்லை. ஈரத்தில் தீக்குச்சி காயாது, பீடி இலையில் பூசணம் பிடிக்கும், குழித்தறியில் தண்ணீர் ஊறி நிற்கும். ரேஷன் அரிசி இருக்கிறது, சரி. முட்டைக்கும் காய்க்கும் எங்கே போவது? விடுமுறை நீண்டால் பிள்ளைகள் கஞ்சியும் ஊறுகாயுமாகத்தான் ஓட்டுகிறார்கள்.

முகாமில் நிலைமை இன்னும் மோசம். 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்து கௌண்டன்யாவில் வெள்ளம் வந்தபோது எங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள். சாப்பாட்டுப் பொட்டலம் வந்தது, கொண்டுவந்தவர்களுக்கு நன்றி. வந்தது பிற்பகல் மூன்று மணிக்கு, காரம் தூக்கலான புளிசாதம். ஒன்றரை வயதுக் குழந்தை அதை எப்படிச் சாப்பிடும்? ஒரு தாய் சோற்றைத் தண்ணீரில் அலசிப் பிசைந்து ஊட்டிப் பார்த்தார், குழந்தை துப்பிவிட்டது. இத்தனைக்கும் நாங்கள் படுத்திருந்த அறைக்கு அடுத்ததே சத்துணவுக் கூடம். உள்ளே அடுப்பு, அண்டா, அரிசி, பருப்பு எல்லாம் இருந்தன, வெளியே பூட்டு. திறக்க உத்தரவு வேண்டும் என்றார்கள். உத்தரவு தர வேண்டியவர் யார் என்று அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை. அவர்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. எழுத்தில் ஒன்றும் இல்லாதபோது அவர்கள் என்ன செய்வார்கள்?

வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க ஆள் இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையே பக்கத்தில் அரக்கோணத்தில்தான் இருக்கிறது. மீட்டுக் கொண்டுவந்த குழந்தைக்கு அப்புறம் என்ன கொடுப்பது என்பதற்குத்தான் ஏற்பாடு இல்லை.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013 ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் அங்கன்வாடி வழியாக உணவை உறுதி செய்கிறது. வெள்ளம், புயல் போன்ற காலங்களில் வழங்கல் தடைபட்டால் அரசு பொறுப்பாகாது என்று அதே சட்டத்தின் 44-ஆம் பிரிவில் விலக்கும் இருப்பதை அறிவோம். நாங்கள் வழக்குப் பேச வரவில்லை. முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டால் அந்த விலக்குக்கே வேலையிருக்காது.

அரசால் முடியாத காரியமும் அல்ல. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்த 2020-ல் சத்துணவு மாணவர்களுக்கு அரிசி, பருப்பு, முட்டையை வீட்டுக்கே கொண்டுபோகக் கொடுத்தார்கள்.

ஆகவே, பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005-இன்படி மாவட்ட ஆணையத்தின் தலைவரான தாங்கள், ஆண்டுதோறும் மறு ஆய்வு செய்யப்படும் மாவட்டப் பேரிடர் திட்டத்தில் இவற்றைச் சேர்க்க வேண்டுகிறோம். பள்ளி முகாமாக அறிவிக்கப்பட்ட உடனே அங்குள்ள சத்துணவுக் கூடத்தைத் திறந்து சமைக்கலாம் என்று நிலையான உத்தரவு வேண்டும். சாவி யாரிடம் என்பதும் அதிலேயே இருக்கட்டும். மழை விடுமுறை ஒரு நாளைத் தாண்டினால் பிள்ளைகளின் பங்கு உலர் பொருளாகவாவது வீட்டுக்கு வர வேண்டும். ஆற்றோர அங்கன்வாடிகளுக்கு மழைக்கு முன்பே சத்துமாவைக் கூடுதலாக அனுப்பி, நனையாத மேட்டுக் கட்டடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அணைக்கட்டு வட்டத்து அல்லேரி, பீஞ்சமந்தை போன்ற மலைக்கிராமங்களுக்கு இது எங்களைவிட அவசரம். பாதை துண்டித்தால் அங்கே பொட்டலம்கூட ஏறாது.

முதலில் குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் மட்டும் செய்து பார்ப்பதானாலும் எங்களுக்குச் சம்மதமே. பாத்திரம் கழுவவும் காய் நறுக்கவும் எங்கள் பெண்கள் கூலியின்றி வருவார்கள். எடுத்த நடவடிக்கையை எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கௌண்டன்யா ஆற்றங்கரைப் பொதுமக்கள்

இடம்: குடியாத்தம்
இணைப்பு: கையொப்பப் பட்டியல்