1573 என்று போட்டிருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சைப்ரஸ் தீவைப் பற்றி எது எழுதினாலும் பக்கத்தில், செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த ஒரு பழைய வரைபடத்தைப் போடுவது வழக்கமாகிவிட்டது. பெரும்பாலும் அது பதினாறாம் நூற்றாண்டு நிலப்பட வல்லுநர் ஆபிரகாம் ஒர்டெலியுஸின் நிலப்பட நூலில் உள்ள படம். அடியில் '1573ஆம் ஆண்டு சைப்ரஸ்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியிலேயே இரண்டு பிழைகள்.

1573 என்பது தகட்டுக்குரிய ஆண்டு. தலைப்போடு சேர்த்துச் செதுக்கியிருப்பதால், பிறகு எப்போது அச்சடித்தாலும் அந்த எண்ணும் கூடவே வரும். நூலோ 1612 வரை பதிப்புக் கண்டது. ஆகவே தாளின் வயதை அறிய அதைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கத்து விளக்கவுரை எந்த மொழியில் இருக்கிறது, பக்க எண் என்ன, வரிகள் எந்தச் சொல்லில் முடிகின்றன என்பதை வைத்துத்தான் பதிப்பு பிடிபடும். லத்தீன், டச்சு, ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன் எல்லாம் உண்டு. ஆங்கில உரை என்றால் 1606. முன்பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்த படத்தில் இந்தச் சான்று அடியோடு போய்விடுகிறது.

அடுத்தது, அது 1573இன் சைப்ரஸே அல்ல. நிக்கோசியா 1570 செப்டம்பரிலும், ஃபமகுஸ்தா 1571 ஆகஸ்டிலும் ஓட்டோமான் படையிடம் விழுந்துவிட்டன. தகட்டில் இருப்பது வெனிஸ் ஆட்சிக் காலத்தில் திரட்டிய தகவல். படத்தின் காலத்தைச் சோதிக்க நிக்கோசியாவே நல்ல இடம். 1567இல் வெனிஸ்காரர்கள் பழைய மதிலை இடித்துவிட்டு, 11 கொத்தளங்களோடு வட்டமான புது மதிலைத் தொடங்கினார்கள். நகரம் 11 முனை நட்சத்திரமாகத் தெரிந்தால் படம் அதற்கு முந்தியதாக இருக்க வழியில்லை. பழைய மதில் தெரிகிறது என்பதற்காக முந்தையது என்று முடிவுகட்டவும் கூடாது. பழைய படத்தைப் பார்த்துப் பின்னால் நகலெடுத்தவர்கள் ஏராளம்.

இதே தாளில் தனிச் சட்டத்துக்குள் லெம்னோஸ் தீவும் இருக்கிறது. மருந்து மண்ணுக்குப் பெயர்போன அந்தத் தீவு ஏஜியன் கடலின் வடக்கே கிடக்கிறது. பக்கத்துக்குப் பொருந்த ஓரத்தை வெட்டும்போது சட்டக் கோடு போய்விட்டால், அது சைப்ரஸுக்குப் பக்கத்துத் தீவு போல ஆகிவிடும். ஓரத்தோடு அளவுகோலும் போனால் இழப்பு இன்னும் பெரிது. கையால் செய்த தாளை நனைத்துத்தான் அச்சடிப்பார்கள். உலரும்போது அது சுருங்கும், அதுவும் நீளத்திலும் அகலத்திலும் ஒரே சீராகச் சுருங்காது. ஒரே தகட்டின் இரண்டு படிகள் சில மில்லிமீட்டர் வேறுபடுவது இதனால்தான். தூரத்தை அந்தந்தத் தாளின் அளவுகோலைக் கொண்டே அளக்க வேண்டும்.

பழைய கடல் வரைபடங்களில் தீவு சாய்ந்து கிடப்பதைப் பார்த்து 'அறியாமை' என்று எழுதுகிறார்கள். மாலுமிகள் காந்த ஊசி காட்டிய வடக்கை வைத்து வரைந்தார்கள். அதனால் மத்தியதரைக் கடல் முழுவதுமே ஏறத்தாழ 10 பாகை இடப்புறமாகத் திரும்பி நிற்கும். சைப்ரஸுக்கு மட்டும் வந்த கோளாறு அல்ல அது.

இன்றைய படத்தின் மேல் பழையதைப் பொருத்திக் காட்ட விரும்பினால் கிச்சனரின் வரைபடத்தை எடுங்கள். பின்னாளில் இந்தியாவின் தலைமைத் தளபதியான அதே கிச்சனர்தான். முக்கோண அளவை முறையில் அளந்து, 1885இல் 15 தாள்களாக, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம், அதாவது 1:63,360 அளவில் வெளிவந்தது. அட்சரேகை, தீர்க்கரேகை வெட்டும் புள்ளிகளைக் கொண்டு எளிய நேர்முறை மாற்றத்திலேயே (அதாவது படத்தை வளைக்காமல், முழுவதையும் ஒரே சீராக நகர்த்தி, திருப்பி, அளவு மாற்றுவதிலேயே) அது பொருந்திவிடும். ஒர்டெலியுஸின் படத்துக்கு அது ஒத்துவராது. கிரேக்கோ முனை, காட்டா முனை, அப்போஸ்தலோஸ் அந்திரேயாஸ் முனை என நாலா பக்கமும் புள்ளிகளைப் பரப்பி வைக்கலாம், ஆற்று முகத்துவாரங்களைத் தவிர்க்கலாம். அப்படியும் நடுவில் உள்ள ஊர்கள் பல கிலோமீட்டர் தள்ளித்தான் விழும். கணினியை வற்புறுத்தி வளைத்துப் பொருத்தினால் இல்லாத துல்லியம் ஒன்று பக்கத்தில் அச்சாகும். அதைவிட இரண்டையும் அருகருகே போடுங்கள், ஓரம் வெட்டாமல், கீழே தகட்டின் ஆண்டு, அச்சான ஆண்டு, படி இருக்கும் நூலகம் மூன்றையும் குறித்து.

இப்படிக்கு,
பழைய வரைபடங்களைப் பட்டியலிடும் வாசகர்கள்