வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிக்கூடத்தில் படம்: நீங்களும் வாருங்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுக் கூட்டிப்போகிற தாத்தா, அப்பத்தா, அம்மாச்சிமாருக்கும் வணக்கம்.

தலைமையாசிரியரிடமிருந்து கடிதம் என்றதும் பிள்ளை என்ன வம்பு செய்தானோ என்று பதற வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பெரிய வகுப்பறையில் ஒரு படம் போடுகிறோம். அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடுவது 2022 முதல் நடந்து வருவதுதான். இந்த முறை பிள்ளைகளோடு நீங்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மல்லிகை பறித்து மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, சாப்பிட்டுக் கொஞ்சம் கண் அசருகிற நேரம் அது என்று தெரியும். வேறு நேரம் உங்களுக்குத் தோதுப்படாது என்பதால்தான் இரண்டு மணி. பூக்கட்டுகிற வேலை மிச்சமிருந்தால் தட்டோடு வந்துவிடுங்கள். உங்களுக்கு இருட்டிலும் கை தானாக ஓடும்.

படத்தின் பெயர் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’. ஈரான் நாட்டுப் படம், 1997-இல் வந்தது. எடுத்தவர் மஜீத் மஜீதி. பின்னாளில் இவருடைய இரண்டு படங்களுக்கு நம் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்தார் என்று சொன்னால் பெரிய வகுப்புப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆஸ்கர் விருதில் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான இறுதிப் பட்டியலுக்குப் போன முதல் ஈரானியப் படமும் இதுவே. நான் இதைத் தேர்ந்தெடுத்தது அதற்காக இல்லை.

கதை ரொம்பச் சின்னது. டெஹ்ரான் நகரில் அலி என்று ஒரு பையன். தங்கை ஸஹ்ராவின் பிய்ந்துபோன ஷூவைத் தைத்து வாங்கி வருகிற வழியில், காய்கறிக் கடையில் அதைத் தொலைத்துவிடுகிறான். வீட்டில் சொல்ல முடியாது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, வாடகை பாக்கி, கடையிலும் கடன். அண்ணனும் தங்கையும் ஒரு ஏற்பாட்டுக்கு வருகிறார்கள். அங்கே பெண்பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி, பையன்களுக்கு மதியம். அலியின் ஷூவைப் போட்டுக்கொண்டு ஸஹ்ரா முதலில் போவாள். பள்ளி விட்டதும் சந்து சந்தாக ஓடி வந்து அவனிடம் கழற்றிக் கொடுப்பாள். அதை மாட்டிக்கொண்டு அவன் ஓடுவான். படம் முழுக்க இரண்டு பேரும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஒரு இடத்திலும் சலிப்புத் தட்டாது.

அதில் ஒரு காட்சியை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பள்ளிவாசலில் டீ கொடுப்பதற்கான சர்க்கரைக் கட்டிகள் அப்பாவிடம் வந்திருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். மகள் அவருக்கு டீ கொண்டுவந்து வைக்கிறாள். சர்க்கரை எங்கே என்கிறார். இவ்வளவு சர்க்கரை முன்னால் இருக்கிறதே என்கிறாள் அவள். அது பள்ளிவாசலுடையது, நம்மை நம்பிக் கொடுத்தது என்கிறார். அவ்வளவுதான், அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். பின்னணி இசையை ஏற்றி நம்மை அழவைக்கப் பார்க்கவில்லை. நம் ஊரில் முளைப்பாரித் திருவிழாவுக்கு வசூலித்த வரிப்பணம் ஒரு வீட்டுப் பானையில் இருக்கும்போது, அந்த வீட்டில் அரிசிக்கு இல்லாவிட்டாலும் பானை அப்படியே இருக்கும். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொரு இடம். தொலைந்த ஷூவைத் தன் பள்ளியிலேயே வேறொரு சிறுமியின் காலில் ஸஹ்ரா பார்த்துவிடுகிறாள். அண்ணனைக் கூட்டிக்கொண்டு அந்தச் சிறுமியின் வீடு வரைக்கும் போகிறாள். கேட்டு வாங்கத்தான் போகிறார்கள். கண் தெரியாத தன் அப்பாவை அந்தச் சிறுமி கைபிடித்து அழைத்துப் போவதைப் பார்க்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு பேரும் திரும்பி நடக்கிறார்கள். நீதிபோதனை வகுப்பில் நாங்கள் மாதக்கணக்கில் சொல்லியும் ஏறாதது இந்த ஒரு நிமிடத்தில் ஏறிவிடும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒரு ஓட்டப்பந்தயம் வருகிறது. அதில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி ஷூ. முதலிடம் வேண்டாம், மூன்றாவதாக வந்தால் போதும் என்று ஒரு பையன் உயிரைக் கொடுத்து ஓடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் விசில் அடிக்கலாம், தடையில்லை. 1952 தீபாவளிக்குத் தங்கம் தியேட்டரில் ‘பராசக்தி’ பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் சத்தம் போடாதே என்று சொல்ல எனக்கும் வாய் வராது.

இதே கதையைத் தமிழில் ‘அக்கா குருவி’ என்று எடுத்திருக்கிறார்கள், 2022-இல் வந்தது. அதைப் போடலாமே என்று இரண்டு ஆசிரியர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தூரத்து நாட்டில், தெரியாத மொழியில், வேறு சாமி கும்பிடுகிற ஒரு வீட்டிலும் நம் வீட்டுக் கவலையே இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று மூலப் படத்தையே எடுத்துக்கொண்டேன். பேசுவது பாரசீகம். கீழே ஓடுகிற எழுத்தைச் சின்னப் பிள்ளைகள் கூட்டிப் படிப்பதற்குள் காட்சி மாறிவிடும். அதனால் நம் தமிழாசிரியை மைக்கில் வசனங்களைச் சொல்லிக்கொண்டே வருவார். அவர் சொன்னால் டெஹ்ரானும் திருமங்கலம் பக்கத்து ஊர் மாதிரிதான் கேட்கும், அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்களை ஏன் கூப்பிடுகிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். ஷூ தொலைந்ததை அந்தப் பிள்ளைகள் மறைப்பது அடிக்குப் பயந்து மட்டும் இல்லை. அப்பாவிடம் காசு இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும். சொன்னால் அவர் கடன் வாங்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியும். நம் பிள்ளைகளும் இப்படித்தான். வீட்டுக் கஷ்டம் பிள்ளைக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் தாழ்ந்த குரலில் பேசுவீர்கள். அது போர்வைக்குள் முழித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும். மறுநாள் ஜியாமெட்ரி பாக்ஸ் தொலைந்துபோனதை உங்களிடமும் சொல்லாது, எங்களிடமும் சொல்லாது. பக்கத்துப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு வாங்கி ஒரு பருவத்தையே ஓட்டிவிடும்.

படத்தில் அலி தாமதமாக வரும்போதெல்லாம் பள்ளிப் பொறுப்பாளர் அவனை வாசலில் நிறுத்தி விரட்டுவார். அவர் மேல் உங்களுக்குக் கோபம் வரும். ஆனால் அவருக்கு என்ன தெரியும்? வாசலில் நிற்கிறவருக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும். மல்லிகை சீசனில் இங்கேயும் சில பிள்ளைகள் முதல் மணிக்குப் பிறகுதான் வருகிறார்கள், விரல் நுனியில் பூ வாசம் அடிக்கும். விடியுமுன் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போவது எனக்குச் சம்மதமில்லை, அதைத் தனியாகப் பேசுவோம். தாமதமாக வருகிற யாரையும் வெளியே நிறுத்த வேண்டாம், வகுப்பில் உட்காரவைத்துவிட்டு அப்புறம் விசாரியுங்கள் என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன். என்ன காரணம் என்பதை நீங்கள்தான் வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டும். பிள்ளை சொல்லாது. செருப்பு அறுந்திருந்தாலும், நோட்டு தீர்ந்திருந்தாலும் அப்படியே. எங்களுக்குத் தெரிந்தால் ஏதாவது செய்யப் பார்ப்போம்.

ஒரு வேண்டுகோள். படம் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். நாங்களும் கட்டுரை எழுதச் சொல்லப் போவதில்லை. பிள்ளையாக வந்து, உனக்குச் சின்ன வயசில் செருப்பு இருந்ததா அம்மா என்று கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கள்.

படம் ஒன்றரை மணி நேரம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் கதவுப் பக்கம் உட்கார்ந்தால் எழுந்து போக வசதி. செல்போனை அமத்தி வையுங்கள். படம் முடிந்ததும் எல்லோருக்கும் சுண்டல் உண்டு. அதற்கு ஆள் கணக்கு வேண்டும். வீட்டிலிருந்து எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை வியாழக்கிழமைக்குள் பிள்ளையின் டைரியில் எழுதி அனுப்புங்கள். எழுத முடியாத அப்பத்தாமார் பேரனிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டாலே போதும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்