நோட்டில் எழுதிவை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி குறைந்து மறுபடி வேலையில் உட்கார்ந்துவிட்டாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் தையல் மிஷின் ரிப்பேர் கடையின் இணையதள விஷயம். கூகுளில் தேடுகிறவர்கள் கண்ணில் பட, பக்கங்களில் எந்தச் சொற்களை வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். நீ அனுப்பிய சொற்பட்டியலில் முதலில் இருப்பது ‘தையல் இயந்திரப் பராமரிப்புச் சேவை’. அப்படி யார் தேடுவார்கள்? ராத்திரி பத்து மணி, விடிந்தால் கொடுக்க வேண்டிய துணி. தைக்கிற பெண்ணுக்கு நூல் அறுகிறது. கோத்துத் தைத்தால் மறுபடி அறுகிறது. போனை எடுத்து ‘தையல் மிஷின் நூல் அறுந்துட்டே இருக்கு’ என்றுதான் அவள் தேடுவாள். நூலின் டென்ஷன் இறுகியிருக்கிறதா, ஊசி மழுங்கிவிட்டதா என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது நூல் அறுகிறது என்பது மட்டும்தான்.

அதனால் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வை. கூப்பிடுகிறவர்கள் முதலில் சொல்வதை ஒரு மாதம் அப்படியே எழுது, திருத்தாதே. ‘தையல் விட்டு விட்டு விழுது’, ‘அடிநூல் மேல வரல’... உன் பட்டியல் அதுதான். அப்புறம் ஒவ்வொன்றையும் கூகுளில் பாதி அடித்து நிறுத்திப் பார். கீழே வரும் பரிந்துரைகள் பெரும்பாலும் மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வருபவை.

‘தையல் மிஷின்’ என்ற சொல்லுக்கு மட்டும் ஆசைப்படாதே. அதைத் தேடுகிறவர் வாங்க வந்தாரா, விற்க வந்தாரா, தையல் கற்க வந்தாரா, யாருக்குத் தெரியும்? ‘ரிப்பேர்’ என்பதோடு உன் ஊர்ப்பெயரையும் சேர்த்துக்கொள். தேடுகிறவர்கள் குறைவாக இருப்பார்கள், ஆனால் அவர்கள் உன்னிடம் வரக்கூடியவர்கள். எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுளின் விளம்பரக் கருவியான கீவேர்ட் பிளானரில் ‘போட்டி அதிகம்’ என்று பார்த்துப் பயந்திருக்கிறாய். அது விளம்பரம் கொடுப்பவர்களுக்கு இடையிலான போட்டி, உன் பக்கம் முன்னால் வராது என்று அர்த்தமில்லை.

‘மெட்டா கீவேர்ட்ஸ்’, அதாவது பக்கத்தின் நிரலுக்குள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதிவைக்கும் சொற்பட்டியல், அதை நிரப்பத் தனியாகப் பணம் கேட்கிறார்கள் என்றாயே, கொடுக்காதே. நானும் கொடுத்து ஏமாந்தேன். தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. சொல் இருக்க வேண்டிய இடம் தலைப்பும் முதல் பத்தியும். ஒரு கோளாறுக்கு ஒரு பக்கம் எழுது. நூல் அறுகிற பக்கத்தில் இப்படிச் சொல்: நூலை எடுத்துவிட்டு மறுபடி கோக்கட்டும், புது ஊசி போடட்டும், அப்படியும் அறுந்தால் கொண்டு வரட்டும். சொல்லிக்கொடுத்தால் பிழைப்பு போய்விடும் என்று நினைக்காதே. அந்த ராத்திரியில் கைகொடுத்தவனை அவள் மறக்கமாட்டாள்.

மூன்று மாதம் கழித்து சர்ச் கன்சோலைத் திற, தளம் வைத்திருப்பவர்களுக்கு கூகுள் தரும் இலவசக் கருவி அது. எந்தெந்தத் தேடலில் உன் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று அதில் இருக்கும். நிறையத் தடவை தெரிந்தும் யாரும் உள்ளே வரவில்லையென்றால் முதலில் தலைப்பை மாற்றிப் பார். என் புத்தக பைண்டிங் தளத்துக்கு ‘அட்டை கழன்ற புத்தகம் ஒட்டுவது எப்படி’ என்று தேடி வந்திருந்தார்கள். ‘அட்டை கழன்ற’ என்ற சொல்லே என் தளத்தில் எங்கேயும் இல்லை! அன்றைக்கே அதற்கு ஒரு பக்கம் எழுதினேன். இன்று வருகிற வேலையில் பாதி அதன் வழியாகத்தான் வருகிறது.

நோட்டில் பத்து வரி சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்பு. முதல் பக்கத்தைச் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்,
உன் பழைய சிநேகிதன்